பார்மசி, மிச்சமான படிப்பா?

ஆசிரியருக்கு வணக்கம்.

'மருத்துவம் கிடைக்கலையா, சரி, பார்மசி படி' என்று பிள்ளைகளிடம் சொல்வதைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். முடக்குவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை வாரத்துக்கு ஒருநாள்தான் சாப்பிட வேண்டும். சீட்டில் கைதவறி 'தினமும்' என்று இருந்தால், அதைக் கவனித்து மருத்துவரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டியவர் மருந்தாளுநர். விட்டுவிட்டால் எலும்பு மஜ்ஜை பாதித்து உயிரே போகலாம். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின் மாத்திரையைச் சாப்பிடுபவர் தலைவலிக்கு ஆஸ்பிரின் கேட்டாலும் ரத்தக்கசிவு ஆபத்துதான்.

இதற்காகத்தான் வேதியியல், உடலியங்கியல், மருந்தியல், டோஸ் கணக்கு எல்லாம். (மனப்பாடம் மட்டும் போதும் என்பவர்கள் இந்தப் பக்கம் வராமலிருப்பது நல்லது.) மருந்துக்கடை தவிர மருத்துவமனை, ஆய்வகம், மருந்துத் தொழிற்சாலை என்று வேலையும் பலவிதம். உங்கள் கல்விப் பக்கத்தில் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுங்களேன்.

- மருந்தாளுநராக இருக்கும் ஒரு வாசகர்