மல்லிக்கு: மரியன் ஜோன்ஸ் அழுத அந்த வீடியோ பத்தி

அன்புள்ள மல்லி,

உன் வாய்ஸ் மெசேஜ ரெண்டு தடவை கேட்டேன்டி. பாப்பா டிஸ்ட்ரிக்ட் மீட்டுக்கு செலக்ட் ஆயிட்டான்னு நீ சொன்னதும் ஆபீஸ்லயே கத்திட்டேன், பக்கத்து சீட் அக்கா என்னமோ ஏதோன்னு பயந்தே போயிட்டாங்க. 200 மீட்டர்தானே? ஸ்டார்ட் கொஞ்சம் லேட்டாகுதுன்னு சொன்னியே, அது ஓட ஓட சரியாகிடும், வளைவுல ஓடுறதுக்கு அவளுக்கு உன் கால் இருக்கு. இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் முடிஞ்சு இப்ப வாக்கர் இல்லாம வாசல் வரைக்கும் நடக்குறாங்க, தினமும் உன்ன கேக்குறாங்க.

சரி, நீ கேட்டதுக்கு வரேன். அமெரிக்க ஓட்டக்காரி மரியன் ஜோன்ஸ் கோர்ட் வாசல்ல அழற வீடியோவ பாத்துட்டு பாப்பா "பாவம்மா இந்த ஆன்ட்டி"ன்னு சொன்னான்னும், உனக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியலன்னும் சொன்னே. எனக்கும் சட்டுனு பதில் வரல. ஏன்னா அந்த வீடியோவ பாத்து நானும் அழுதவ.

உனக்கு ஞாபகம் இருக்கும், என் ஹாஸ்டல் ட்ரங்க் பெட்டி மூடிக்கு உள்பக்கம் மரியன் போட்டோதான். பேப்பர்ல இருந்து கத்திரிச்சு சோத்துப் பசை போட்டு ஒட்டினது, ஓரமெல்லாம் மஞ்சளாகி கடைசில எறும்பு அரிச்சுது. 2000 செப்டம்பர்ல சிட்னி ஒலிம்பிக்ஸ் 100 மீட்டர் ஃபைனல், சனிக்கிழமை மத்தியானம், டிவி ரூம்ல இடம் பிடிக்க சாப்பாட்ட பாதில விட்டுட்டு ஓடினோம். 10.75 செகண்டு, ரெண்டாவது வந்த கிரீஸ் பொண்ணு தானூ 11.12. நூறு மீட்டர்ல அவ்ளோ கேப்பு இருக்கும்னு நான் நெனச்சே பாத்ததில்ல, மத்தவங்க எல்லாம் வேற ரேஸ் ஓடுற மாதிரி இருந்துச்சு. அஞ்சு தங்கம் எடுப்பேன்னு சொல்லிட்டு வந்தவங்க, மூணு தங்கம் ரெண்டு வெண்கலம் எடுத்தாங்க, ஒரே ஒலிம்பிக்ஸ்ல அஞ்சு மெடல்.

அதே ஒலிம்பிக்ஸ் நடக்கும்போதே அவங்க வீட்டுக்காரர் சி.ஜே. ஹண்டர், குண்டு எறியறவர், ஸ்டீராய்டு ஊக்கமருந்து டெஸ்ட்ல மாட்டின நியூஸ் வந்துச்சு. பிரஸ் மீட்ல அவர் பக்கத்துல உக்காந்து நான் என் கணவர நம்புறேன்னு நின்னாங்க. நீ அப்பவே சொன்னே, "ஒரே வீட்டுல இருக்குறவங்களுக்குத் தெரியாமயா இருக்கும்?"னு. நான் உன்கூட ரெண்டு நாள் பேசல. அவ்ளோ நம்பிக்கை. அதுக்கு இப்ப உன்கிட்ட மன்னிப்பு கேட்டுக்குறேன், இத்தன வருஷமா கேக்கவே இல்ல நான்.

அப்புறம் 2003ல பால்கோ கேஸ் வெடிச்சுது, பால்கோங்குறது வீரர்களுக்கு ரகசியமா ஊக்கமருந்து கொடுத்த ஒரு அமெரிக்க கம்பெனி. விஷயம் என்னன்னா டெஸ்ட்லயே தெரியாத மாதிரி ஒரு ஸ்டீராய்டு செஞ்சு வச்சிருந்தாங்க, டிஹெச்ஜி, ஆனா அதுக்கு அவங்க வச்ச பேரு "தி கிளியர்". யாரோ ஒரு கோச் அது இருந்த ஊசிய ஊக்கமருந்து தடுப்பு அமைப்புக்கு அனுப்பி வச்சதுக்கு அப்புறம்தான் லேப்ல அது என்னன்னே கண்டுபிடிச்சாங்க. அந்த கோச் வேற யாரும் இல்ல, மரியனோட பழைய கோச் ட்ரெவர் கிரஹாம். எத்தனையோ டெஸ்ட் பண்ணிட்டாங்க, ஒண்ணுலயும் நான் மாட்டலன்னு மரியன் சொன்னப்ப நான் தலையாட்டினேன் பாரு, அந்த டெஸ்ட்டால அத பிடிக்கவே முடியாதுன்னு எனக்கு எங்க தெரியும். 2004ல சுயசரிதை எழுதி அதுல சிவப்பு எழுத்துல கொட்டையா, நான் எடுத்ததே இல்ல எடுக்கவும் மாட்டேன்னு போட்டாங்க. அந்த மருந்துக் கம்பெனி நடத்துன விக்டர் கான்டே டிவில வந்து, என் கண்ணு முன்னாடிதான் ஊசி போட்டுக்கிட்டாங்கன்னு சொன்னப்ப அவர் மேல 25 மில்லியன் டாலர் மானநஷ்ட வழக்கு போட்டாங்க. இவ்ளோ தைரியமா கேஸ் போடுறாங்கன்னா உண்மையாத்தானே இருக்கும்னு ஊரே நெனச்சுது, நானும்தான்.

2007 அக்டோபர் 5, நியூயார்க் பக்கத்துல ஒயிட் ப்ளெய்ன்ஸ் கோர்ட்ல ஊக்கமருந்து எடுத்தத பத்தி அரசாங்க விசாரணை அதிகாரிங்ககிட்ட பொய் சொன்னேன்னு ஒத்துக்கிட்டு வெளிய வந்து படிக்கட்டுல நின்னு, உங்க நம்பிக்கைக்கு துரோகம் பண்ணிட்டேன்னு அழுதாங்க. பின்னாடி அவங்க அம்மா நின்னுட்டு இருந்தாங்க. பாப்பா பாத்தது அதுதான். அன்னிக்கு ஜனங்க ரெண்டா பிரிஞ்சிட்டாங்க. ஒரு பக்கம், ஒத்துக்கிட்டாங்களே அதுவே பெரிசு, கைக்குழந்தை இருக்குற தாய ஜெயில்ல போடுவாங்களா, எத்தனையோ ஆம்பளைங்க இதே பண்ணிட்டு வெளில இருக்காங்களேன்னு. இன்னொரு பக்கம், மாட்டினதுக்கு அப்புறம் வர்ற கண்ணீர், அதுவும் ஆளிவிதை எண்ணெய்னு நெனச்சுத்தான் எடுத்தேன்னு சொல்றது இன்னொரு பொய்னு. 2008 ஜனவரில ஆறு மாசம் ஜெயில்னு தீர்ப்பு வந்துச்சு, அதுல ஒரு செக் மோசடி விசாரணைல பொய் சொன்னதும் சேத்தி. தண்டனைய குறைக்கச் சொல்லி ஜனாதிபதி புஷ்ஷுக்கு மனு போட்டாங்க, அமெரிக்க தடகள சங்கத் தலைவரே குறைக்காதீங்கன்னு பகிரங்கமா கடிதம் எழுதுனாரு.

நான் அப்ப பரிதாபப்படுற பக்கம். குழந்தைய விட்டுட்டுப் போறத நெனச்சு ராத்திரி தூக்கம் வரல. ஆனா மல்லி, ரெண்டு பக்கமும் மரியனத்தான் பாத்துட்டு இருந்துச்சு. பக்கத்து லேன்ல ஓடினவங்கள ஒருத்தரும் திரும்பிப் பாக்கல, நானும் பாக்கல. அத நெனச்சாதான் இன்னிக்கும் எனக்கு வயிறு எரியுது.

அதே சிட்னில நடந்த 200 மீட்டர் ஃபைனல எடுத்துக்கோ. முதல்ல வந்தது மரியன். ரெண்டாவது பஹாமாஸ் பாலின் டேவிஸ் தாம்சன், 22.27. முப்பத்தி நாலு வயசு, அஞ்சாவது ஒலிம்பிக்ஸ், அதுக்கு அப்புறம் ஓடல. மூணாவது நம்ம பக்கத்து இலங்கை சுசந்திகா ஜயசிங்க, 22.28. கண்ணு இமைக்குற நேரம் கூட இல்லடி அந்த வித்தியாசம். இலங்கைக்கு 1948ல டங்கன் ஒயிட் வாங்கினதுக்கு அப்புறம் 52 வருஷம் கழிச்சு வந்த மெடல் அது. ஏழ்மையான வீட்டுல இருந்து வந்த பொண்ணு. 1998ல அவங்க மேலயும் ஊக்கமருந்து புகார் வந்து சஸ்பெண்ட் பண்ணி, அப்புறம் விடுவிச்சாங்க. அந்த நியூஸ் வந்தப்ப நம்ம டிவி ரூம்ல "இதுங்க இப்படித்தான்"னு ஈஸியா பேசினோம், ஞாபகம் இருக்கா? மரியன் பேர்ல புகார் வந்தப்ப மட்டும் ஆதாரம் எங்கன்னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டே ஓடுற பெரிய ஸ்டார்னா நமக்கு ஆதாரம் வேணும், சின்ன நாட்டுக்காரின்னா புகாரே போதும். ரொம்ப வெக்கமா இருக்குடி.

மரியன் மெடல பிடுங்கினதுக்கு அப்புறம் பாலினுக்கு தங்கம், சுசந்திகாவுக்கு வெள்ளின்னு மாத்தினது 2009 டிசம்பர்ல. ஒம்பது வருஷம்! ஜெயிச்ச அன்னிக்கு உச்சிப்படில ஏறி நிக்குறது, சொந்த நாட்டு பாட்டு கேட்டு கண்ணு கலங்குறது, அது மரியனுக்குப் போச்சு, அத யாரால திருப்பிக் கொடுக்க முடியும்? 100 மீட்டர் தங்கம் யாருக்குமே போகல தெரியுமா, தானூவே 2004ல டெஸ்ட்ட தவறவிட்டு சிக்கல்ல மாட்டினதால அந்த இடத்த காலியாவே விட்டுட்டாங்க. ரிலேல மரியன் கூட ஓடினவங்க மெடலயும் பிடுங்கிட்டாங்க, அவங்க கேஸ் போட்டு 2010ல தான் திரும்ப வாங்கினாங்க.

ரிலேன்னதும் உனக்கு என்ன ஞாபகம் வந்திருக்கும்னு எனக்குத் தெரியும். 98ல மண்டலப் போட்டி, செம்மண் ட்ராக், சுண்ணாம்புக் கோடு பாதி அழிஞ்சு போய், நான் ரெண்டாவது, நீ மூணாவது. நான் நீட்டின குச்சிய நீ திரும்பிப் பாக்காம வாங்கினே, என் கைல வேர்வை, உன் விரல் நகம் என் உள்ளங்கைய கீறிடுச்சு, அந்தக் கோடு ஒரு வாரம் இருந்துச்சு. ஜெயிச்சோம், கட்டிப் பிடிச்சு உருண்டோம். மறுநாளே நாலாவது லெக் ஓடினவளோட வயசு சர்டிபிகேட் பொய்னு புகார் வந்து நாலு பேர் சர்டிபிகேட்டும் கேன்சல். எனக்கு எதுவும் தெரியாதுன்னு அவ சத்தியம் பண்ணினா, நாம அவள நம்பி புகார் கொடுத்த ஸ்கூல்காரங்ககிட்ட சண்டைக்குப் போனோம். கடைசில பாத்தா அவளுக்கு எல்லாமே தெரிஞ்சிருந்துச்சு. ஜெயிச்ச அந்த சர்டிபிகேட் இருந்திருந்தா உனக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டால சீட் கிடைச்சிருக்கும். நீ அதப்பத்தி ஒரு நாளும் வாய திறந்ததில்ல, நான்தான் இப்ப திறக்குறேன்.

பாப்பாகிட்ட மரியன் பாவம் இல்லன்னு சொல்லாத. பாவம்தான், ஜெயிலுக்கும் போயிட்டு வந்தாங்க. ஆனா அந்த அழற வீடியோவ காட்டினியே, அந்த 200 மீட்டர் ஃபைனலயும் போட்டுக் காட்டு. மரியன விட்டுட்டு பின்னாடி வர்ற ரெண்டு பேர பாக்கச் சொல்லு. அவளும் 200தானே ஓடுறா, அவளுக்குப் புரியும்.

இன்னொண்ணு சொல்லணும், எழுதலாமா வேணாமான்னு இவ்ளோ நேரம் யோசிச்சேன். நம்ம நாலாவது லெக் போன மாசம் எனக்கு போன் பண்ணினா. எங்கயோ என் நம்பர் வாங்கியிருக்கா. ரொம்ப நேரம் அழுதா, மல்லிகிட்ட பேசணும், அவ வாழ்க்கைய கெடுத்துட்டேன்னு சொன்னா. நான் எதுவும் பேசல, சரின்னு கூட சொல்லல, கேட்டுட்டு வச்சிட்டேன். உன்ன கேக்காம உன் நம்பர அவளுக்கு கொடுக்க எனக்கு மனசு வரல. கொடுக்கட்டுமா? யோசிச்சு சொல்லு, அவசரம் இல்ல, வேணாம்னா வேணாம்.

உன்
தேவி