சித்தியைப் பிடித்தோம், சகோதரிகளை விட்டோம்

ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்கக் கல்லூரிகளின் சொராரிட்டிகள், அதாவது உறுப்பினர்கள் ஒருவரையொருவர் சகோதரி என்று கொண்டாடும் மாணவியர் சங்கங்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வெள்ளைத் தூண் வைத்த பெரிய வீடு, வாசலில் ஒரே மாதிரி உடுத்திக் கைதட்டிப் பாடும் பொன்னிறக் கூந்தல் பெண்கள், அப்புறம் பார்ட்டி. 2021 ஆகஸ்டில் அலபாமா பல்கலைக்கழக மாணவிகளின் டிக்டாக் வீடியோக்கள் ஊரெல்லாம் சுற்றியதிலிருந்து யார் எழுதினாலும் இதே படம்தான். உங்கள் கட்டுரையாளரும் ‘பணக்காரப் பெண்களின் கேளிக்கை மன்றம்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

நான் மேரிலாந்தில் இருக்கிறேன். என்னோடு வேலை பார்க்கும் ஒரு கறுப்பினப் பெண்மணிக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. கல்லூரி நாளில் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா என்ற சொராரிட்டியில் சேர்ந்தவர், இன்றும் உறுப்பினர். ஜனவரி 15 அந்தச் சங்கம் பிறந்த நாள். அன்று ரோஜா நிறமும் பச்சையுமாக ஒரு ஜாக்கெட், கழுத்தில் முத்துமாலை. நான் டப்பாவில் பொங்கல் கொண்டுபோவேன். (முந்திரியைப் பொறுக்கித் தின்றுவிட்டு மிச்சத்தை என்னிடமே தள்ளிவிடுவார்.) ஆகஸ்ட் வந்தால் அவர் கார் டிக்கி நிறைய நோட்டும் பென்சிலும் இருக்கும், ஏழைப் பிள்ளைகளுக்குச் சங்கத்தார் சேர்ந்து வாங்கியவை.

அந்தச் சங்கம் 1908இல் வாஷிங்டனின் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவிகள் தொடங்கியது. 1935 முதல் 1942 வரை கோடைதோறும் அதன் உறுப்பினர்கள் மிசிசிப்பி கிராமங்களுக்குப் போய் மருத்துவ முகாம் நடத்தினார்கள். பருத்திப் பண்ணை முதலாளிகள் கூலிக் குடும்பங்களை முகாமுக்கு அனுப்ப மறுத்தார்கள். சரி, நாமே போவோம் என்று காரில் மருந்தை ஏற்றிக்கொண்டு வயலுக்கே போய்ப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள். இதில் கேளிக்கை எங்கே இருக்கிறது?

நம் பத்திரிகைகள் மேலும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. 2020 ஆகஸ்டில் துணை அதிபர் வேட்பாளராக கமலா ஹாரிஸ் பேசியபோது ‘சித்தி’ என்ற சொல்லைச் சொன்னார். எவ்வளவு கொண்டாடினோம்! அவருடைய தாய்வழித் தாத்தாவின் ஊரான, மன்னார்குடிப் பக்கத்துத் துளசேந்திரபுரம் ஒரே நாளில் உலகப் புகழ் பெற்றது. யாரெல்லாம் தன் குடும்பம் என்று அடுக்கிய அந்த இடத்தில்தான், சித்தியைச் சொன்ன சற்று நேரத்திலேயே, ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவையும் சொன்னார். அவர் ஹோவர்டில் படித்தபோது சேர்ந்த சங்கம் அது. நான் படித்த தமிழ்ச் செய்தி எதிலும் அந்தப் பெயர் இல்லை.

குறையே இல்லை என்று வாதாட வரவில்லை. புதிதாகச் சேர்பவர்களை வதைப்பதும், அதில் உயிர் போனதும் நடந்தவைதான். அலபாமாவில் வெள்ளையர் சொராரிட்டிகள் தகுதியுள்ள கறுப்பின மாணவிகளை ஒதுக்கியது 2013இல் அம்பலமானது. வெளிக்கொண்டுவந்தது அந்தப் பல்கலைக்கழகத்தின் மாணவர் பத்திரிகை ‘தி கிரிம்சன் ஒயிட்’. உள்ளே இருந்த மாணவிகளே வாய் திறந்ததால் எழுத முடிந்தது. திட்டுவதற்கும் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.

‘படிப்பு முடிந்ததும் கலைந்துவிடும் கூட்டம்’ என்று கட்டுரையின் கடைசிப் பத்தியில் ஒரு வரி இருக்கிறது. அதையாவது அடுத்த இதழில் திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மேரிலாந்து