வின்செஸ்டர் படைப்பிரிவு அருங்காட்சியகப் பயணம்

அன்புள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம். வரும் சனிக்கிழமை காலை, இங்கிலாந்தின் வின்செஸ்டர் நகரில் பெனின்சுலா படைமுகாமில் உள்ள ராயல் கிரீன் ஜாக்கெட்ஸ் என்ற முன்னாள் பிரிட்டிஷ் ரைஃபிள் படைப்பிரிவின் அருங்காட்சியகத்துக்குச் செல்கிறோம்.

பிரிட்டிஷ் காலாட்படையினர் பெரும்பாலும் செந்நிறச் சீருடையில் அணிவகுத்துப் போரிட்ட காலத்தில், 1800இல் தோன்றிய ரைஃபிள் படையினர் மறைந்திருந்து சுடுவதற்கு ஏற்ற கரும்பச்சை மேற்சட்டையை அணிந்தார்கள். அந்தச் சீருடையையும் அதன் கறுப்புத் தோல்வார்களையும் அவசரமின்றி அருகில் நின்று பாருங்கள். அவர்களின் துப்பாக்கியான பேக்கர் ரைஃபிளின் குழலுக்குள் வெட்டப்பட்ட 7 சுழல்வரிகள் குண்டைச் சுழற்றி அனுப்பியதால், வழவழப்பான குழல் கொண்ட மஸ்கட் துப்பாக்கியைவிட அது குறி தவறாமல் சுட்டது. அதன் அடிக்கட்டையில் பித்தளை மூடியிட்ட சிறு குழிவு ஒன்று இருக்கும். குண்டைச் சுற்றுவதற்கான, கொழுப்பு தடவிய துணுக்குகளை வீரர்கள் அதில்தான் வைத்திருந்தார்கள் என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போர்க்களத்தின் மாதிரி வடிவத்துக்கு மட்டும் அரை மணி நேரம் ஒதுக்கியுள்ளேன். அதற்குக் குறைவாகப் பார்ப்பது போதாது என்பது என் கருத்து. வர விரும்புவோர் வியாழக்கிழமை இரவுக்குள் இக்குழுவில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.