நேர்த்தியும் கண்ணாடிக் குழாயும்

அன்புள்ள மகளுக்கு,

பாம்புத் தெய்வமான நாகதம்பிரானைக் கும்பிடுகிற ஆட்கள் விஞ்ஞானத்தையும் எப்படி நம்பலாம் என்று கேட்டிருந்தாய். பாம்புக்கடியை வைத்தே சொல்கிறேன். காலபோக நெல் அறுவடையான அருவி வெட்டுக் காலத்தில் வன்னியில் அந்தக் கேள்வியோடு ஒரு உயிரும் சேர்ந்து நிற்கும்.

மந்திரம் சொல்லிப் பார்வை பார்த்துச் சுகமானவர்கள் இங்கே நிறையப் பேர். அது பொய்யில்லை. ஆனால் கடிக்கிற பாம்புகளில் பல விசமில்லாதவை. விசப்பாம்பும் சில வேளை பல்லைப் பதித்துவிட்டு விசம் இறக்காமல் போய்விடும். அப்படிக் கடிபட்டவர் என்ன செய்தாலும் பிழைப்பார். பெயர் மந்திரத்துக்குப் போகும். வழியிலேயே உயிர் போனவரை மட்டும் விதி முடிந்தவர் என்று வேறாக எழுதிவிடுகிறோம். கணக்குப் பிழைப்பது அங்கேதான்.

ஆஸ்பத்திரியில் 2 மில்லிலீற்றர் இரத்தம் எடுத்து, சுத்தமான காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைப்பார்கள். பிறகு ஒருக்காச் சரித்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் பெரும்பாலும் புடையன், அதாவது கண்ணாடி விரியன், விசம். இரத்தத்தை உறையவைக்கும் சத்துகளை அது கிளப்பிவிட்டு, எல்லாவற்றையும் செலவழித்து முடித்துவிடும். பிளாஸ்டிக் குழாய் என்றாலோ, சவர்க்காரம் போட்டுக் கழுவிய குழாய் என்றாலோ நல்ல இரத்தமும் உறையாமல் நின்று ஏமாற்றும். உறைதலைத் தொடக்கிவைப்பது கண்ணாடியின் மேற்பரப்பு. ஒருமுறை உறைந்ததென்று ஆளை வீட்டுக்கு விடவும் மாட்டார்கள், விசம் பிந்தியும் வேலை செய்யும். தான் எங்கே பிழைவிடலாம் என்பதையும் சேர்த்துச் சொல்கிற அறிவு இது. அதனால்தான் எனக்கு அதில் மதிப்பு.

விசமுறிவு ஊசியும் அப்படித்தான். குதிரை இரத்தத்திலிருந்து எடுப்பதால் சிலருக்கு ஒவ்வாமல் மூச்சடைக்கும். முன்கூட்டியே சிறு அளவு அட்ரினலின் போட்டால் கடும் ஒவ்வாமை குறையும் என்பதை இலங்கையிலேயே 1,007 நோயாளரிடம் சோதித்து 2011இல் வெளியிட்டார்கள்.

கட்டுவிரியன் கடி வேறு. இரவில், நிலத்தில் படுத்திருப்பவரைக் கடிக்கும். நோவும் வீக்கமும் பெரிதாக இராது. வயிற்று நோ வரும், கண்மடல் சரியும், பிறகு மூச்சு நிற்கும். நரம்பின் நுனியை விசம் அழித்த பிறகு ஊசி அதைத் திருப்பித் தராது. இயந்திரத்தில் மூச்சுக் கொடுத்து நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். இப்படிப்பட்டவருக்குக் கசாயம் பருக்கினால் அது நுரையீரலுக்குள் போகலாம்.

சாமிக்கு வைக்கிற நேர்த்தியை ஆஸ்பத்திரிக்கு வாகனத்தில் போகும்போதே வைக்கலாம், பிள்ளை. கடிபட்டவர் பதறி ஓடாமல் கிடக்க அந்த நம்பிக்கை உதவுமென்றால் அதுவே பெரிய உதவி, தசை அசைய அசைய விசம் கெதியாகப் பரவும். ஆனால் விசம் ஏறிவிட்டதா என்பதை ஆஸ்பத்திரியில்தான் கேட்க வேண்டும். அதைச் சாமியிடம் கேட்டுக்கொண்டு நேரத்தை விடுவது பக்தியில்லை.

புதூர் நாகதம்பிரான் கோயில் பொங்கலுக்குப் பிள்ளைகளோடு வரும்போது டோர்ச்சும் நுளம்பு வலையும் கொண்டு வா. வலையின் ஓரத்தைப் பாய்க்கடியில் நன்றாகச் செருகிவிட வேண்டும், கட்டுவிரியன் உள்ளே வராது. யாருக்காவது கடித்தால் வெட்டவோ உறிஞ்சவோ இறுக்கிக் கட்டவோ விடாதே. மோதிரம், காப்பைக் கழற்று, காலைத் தடியோடு சேர்த்து அசையாமல் வை, கடித்த நேரத்தைக் குறித்துக்கொள். பாம்பைத் தேடிக்கொண்டு நிற்காதே.

அன்புடன்,
அம்மா