தண்ணீர் ஊற்றியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள பங்குத்தந்தை அவர்களே, அருள்சகோதரிகளே, பங்குமக்களே,

உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

செப்டம்பர் 1 அன்று தொடங்கிய, இயற்கைக்காகச் செபித்து அதைக் காக்கப் பணிசெய்யும் ‘படைப்பின் காலம்’, அக்டோபர் 4 அன்று அசிசி நகர் புனித பிரான்சிசின் திருவிழாவோடு நிறைவடைந்தது. திருப்பலி முடிவில், மற்ற அறிவிப்புகளுக்கு நடுவே ஒரே வரியில் நன்றி சொல்லி முடித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. மேடையில் நின்றவர்களுக்கு அன்றே கைதட்டல் கிடைத்துவிட்டது. யாரும் பார்க்காத நேரத்தில் வேலை செய்தவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அவர்களுக்காகவே இந்த மடல். தங்கள் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று அவர்களில் பலர் கேட்டுக்கொண்டதால் எவருடைய பெயரையும் எழுதவில்லை. படிக்கும்போது அவரவர் தம்மை அடையாளம் கண்டுகொள்வார்கள்.

முதல் நன்றி, ஆலய வளாகத்து மரக்கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றியவர்களுக்கு. மரம் நடுவது ஒரு நாள் வேலை. குழி தோண்டி, செபம் சொல்லி, புனித நீர் தெளித்து, படம் எடுத்துக்கொண்டு கலைந்துவிடலாம். கன்று பிழைக்குமா என்பது அதன்பின் வருகிற வறண்ட மாதங்களில்தான் தெரியும். வேர் ஆழத்துக்கு இறங்கும்வரை மேல்மண்ணின் ஈரத்தை நம்பித்தான் கன்று உயிர் வாழ்கிறது. அந்த ஈரம் காய்ந்த சில நாள்களிலேயே இலை தொங்கிவிடும். பங்கின் சிறு குழுக்களான அன்பியங்கள் முறை வைத்துக்கொண்டு அந்த மாதங்களைக் கடத்தின. வாளியை ஒரே மூச்சில் கவிழ்த்தால் தண்ணீர் வழிந்தோடிவிடும் என்பதால், பாத்தி கட்டி, மெதுவாக, மண் குடிக்கக் குடிக்க ஊற்றினார்கள். காய்ந்த இலைகளைப் பாத்தியில் பரப்பி ஈரத்தைக் காத்தார்கள். தண்டில் ஒட்டினால் பட்டை அழுகும் என்று, அந்தச் சருகைத் தண்டிலிருந்து விலக்கிவைக்கும் அளவுக்கு அவர்களிடம் கவனம் இருந்தது. வெளியூருக்குப் போக நேர்ந்தபோது தம் முறையை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போனார்கள். விழா நாளில் மண்வெட்டி பிடித்தவர்களைவிட இவர்களுக்கே நான் அதிகம் கடன்பட்டிருக்கிறேன். இதை வெளிப்படையாகவே சொல்கிறேன்.

கன்று தேர்வு செய்ய உதவிய தாவரவியல் ஆசிரியருக்கும் இதே இடத்தில் நன்றி. விரைவாக வளரும், பூ அழகாக இருக்கும் என்று நாங்கள் கேட்ட மரங்களையெல்லாம் அவர் பொறுமையாக மறுத்தார். இந்த மண்ணிலேயே தலைமுறை தலைமுறையாக வளர்ந்துவரும் மரங்களையே நட வேண்டும் என்றார். இங்குள்ள பூச்சிகளும் பறவைகளும் அவற்றோடுதான் வாழப் பழகியிருக்கின்றன. வெளியிலிருந்து கொண்டுவரும் அழகு மரம் நிழல் தரும், ஆனால் புழுவுக்கு இலையும் பறவைக்குக் கனியும் தராமல் போகலாம். இந்த ஒரு பாடத்துக்காகவே அவருக்கு எத்தனை முறை நன்றி சொன்னாலும் தகும்.

எங்கள் பணிக்குச் சொற்களைத் தந்தவர் மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ். 2015ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ திருமடலை நம் பங்குத்தந்தை வார நாள் திருப்பலிகளில் சிறிது சிறிதாக எடுத்து விளக்கினார். 246 பத்திகள் கொண்ட மடல் அது. பாதியில் நிறுத்தியிருந்தாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் நிறுத்தவில்லை. 211ஆம் பத்தியை விளக்கிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துவது, குப்பையைப் பிரிப்பது, உண்ணும் அளவுக்கே சமைப்பது, தேவையற்ற விளக்கை அணைப்பது ஆகியவற்றை அங்கே திருத்தந்தை ஒவ்வொன்றாகக் குறிப்பிடுகிறார். ஆலயத்தில் எரியும் விளக்கையும் சுழலும் மின்விசிறியையும் தேடித் தேடி அணைக்கும் பாட்டி ஒருவர் நம்மிடையே இருக்கிறார். தாம் செய்வது திருத்தந்தையின் மடலிலேயே எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்டபோது அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தவர்களில் நானும் ஒருவன். பாட்டி, இத்தனை ஆண்டுகளாக நீங்கள் அணைத்த விளக்குகளுக்கும் சேர்த்து நன்றி.

இந்த அக்கறை 2015இல் திடீரென்று முளைத்ததல்ல என்பதை எங்களுக்குக் காட்டியவர்கள் மறைக்கல்வி ஆசிரியர்கள். புனித பிரான்சிசைச் சூழலியலின் பாதுகாவலராகத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அறிவித்தது 1979இல். அவரது 1990ஆம் ஆண்டின் உலக அமைதி நாள் செய்தி படைப்போடு சமாதானம் கொள்வதைப் பற்றியதுதான். செப்டம்பர் 1ஐப் படைப்புக்காக மன்றாடும் நாளாக 1989இல் முதலில் அறிவித்தவர் ஆர்த்தடாக்ஸ் திருஅவையின் முதுபெரும் தந்தை திமித்ரியோஸ். கத்தோலிக்கராகிய நாம் 2015இல்தான் அந்த நாளில் அவர்களோடு இணைந்தோம். இதைச் சிறுவர்களுக்குப் புரியும் மொழியில் சொல்லிக்கொடுத்த ஆசிரியர்களுக்கு நன்றி. அந்தச் சகோதரத் திருஅவைக்கும் நன்றி சொல்வது முறை. 2025 ஜூலையில் படைப்பின் பராமரிப்புக்கெனத் தனித் திருப்பலி செபங்கள் வந்தன. ஜூலை 9 அன்று திருத்தந்தை பதினான்காம் லியோ ரோமுக்கு அருகிலுள்ள காஸ்தெல் கந்தோல்போவில் அந்தச் செபங்களோடு திருப்பலி நிறைவேற்றினார். நம் ஆலயத்திலும் அதை ஒப்புக்கொடுக்க வேண்டும் என்று விரும்பி, அதற்குப் பொருத்தமான பாடல்களைத் தேடிப் பயிற்சி செய்த பாடகர் குழுவுக்கும் எங்கள் நன்றி.

பீடத்தை அலங்கரிக்கும் தாய்மார்களைப் பற்றி விரிவாகவே எழுத வேண்டும். பூக்களைச் செருகி வைக்கும் பச்சை நிற நுரைக்கட்டையை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். தண்ணீரில் ஊறவைத்தால் கனக்கும், விரலால் அழுத்தினால் பொடியும். இயற்கைப் பொருள் போலத் தோன்றினாலும் அது ஒருவகைப் பிளாஸ்டிக். அது மக்குவதில்லை. பொடிந்து நுண்துகளாகி, ஜாடி கழுவும் தண்ணீரோடு மண்ணுக்கும் நீர்நிலைக்கும் போய்ச் சேர்கிறது. வாடிய பூவோடு சேர்த்து அதை எருக்குழியில் போட்டால் அந்த எருவும் கெட்டுவிடும். இதைச் சொன்னபோது அவர்கள் கோபித்துக்கொள்ளலாம் என்று நான் தயங்கினேன். பல ஆண்டுப் பழக்கம், கைக்கு எளிது, பூவும் நிமிர்ந்து நிற்கும். ஆனால் அவர்கள் கேட்டது ஒன்றுதான்: வேறு எதை வைத்துச் செய்வது? தவக்காலத்தில் பீடத்தைப் பூக்களால் அலங்கரிப்பதில்லை என்பது வழிபாட்டு ஒழுங்கு. அந்த வாரங்களைப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டார்கள். ஜாடிக்குள் கம்பிவலையைச் சுருட்டி வைத்துப் பார்த்தார்கள். கூழாங்கற்களை நிரப்பிப் பார்த்தார்கள். கிளைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி அதிலே பூவை நிறுத்தக் கற்றுக்கொண்டார்கள். உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தைய இரவான பாஸ்கா திருவிழிப்பன்று பீடம் எப்படி இருந்தது என்று உங்களுக்கே தெரியும். நுரைக்கட்டை ஒன்றுகூட அங்கே இல்லை. வாடிய பூக்கள் முழுவதும் இப்போது எருக்குழிக்குப் போகின்றன. அந்த எரு மரக்கன்றுகளுக்குப் போகிறது.

குடில் அமைக்கும் இளைஞர்களே, உங்களுக்கும் நன்றி. தெர்மாகோல் மலையும் மினுக்குத் தூளும் இல்லாமல் கிறிஸ்து பிறப்புக் குடிலா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். நீங்கள் வாக்குவாதம் செய்யாமல், 1223இல் கிரேச்சோ என்ற ஊரில் புனித பிரான்சிஸ் அமைத்த குடிலைப் பற்றி எல்லோருக்கும் சொன்னீர்கள். தீவனத் தொட்டி, வைக்கோல், மாடு, கழுதை. அவ்வளவுதான் அங்கே இருந்தது. நீங்கள் மரச்சட்டத்திலும் பழைய துணியிலும் செய்த குடில் மடித்துப் பத்திரப்படுத்தப்பட்டிருக்கிறது. அதை ஆண்டுதோறும் எடுத்துப் பயன்படுத்தலாம்.

அடுத்து, எங்களை எதிர்த்துக் கேள்வி கேட்ட பெரியவருக்கு நன்றி. மழைநீர்ச் சேமிப்புத் திட்டத்தைப் பங்குப்பேரவையில் முன்வைத்தபோது எல்லோரும் கை உயர்த்தத் தயாராக இருந்தார்கள், அவர் ஒருவரைத் தவிர. கூரையிலிருந்து எவ்வளவு தண்ணீர் வரும், கணக்கு இருக்கிறதா? பறவை எச்சமும் தூசியும் தொட்டிக்குள் வராதா? கொசு பெருகினால் யார் பொறுப்பு? தொட்டி நிரம்பினால் மிச்சம் எங்கே போகும்? வடிகட்டியை யார் கழுவுவார்? அன்று சிலருக்கு முகம் சுருங்கியது. ஆனால் அந்தக் கேள்விகள்தான் திட்டத்தைக் காப்பாற்றின. கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். 400 சதுர மீட்டர் கூரையில் 25 மில்லிமீட்டர் மழை என்றால் 10,000 லிட்டர். தெறிப்பதும் ஆவியாவதும் போக அதில் பெரும்பகுதியைப் பிடிக்கலாம். கூரையைக் கழுவி வரும் முதல் மழைநீரைத் தனிக் குழாயில் வெளியேற்றிவிட்டு, அதன்பின் வருவதை மட்டும் தொட்டிக்கு அனுப்ப வேண்டும். மூடி இறுக்கமாகவும் வழிகுழாயின் வாய் நுண்வலையோடும் இருந்தால் கொசுவுக்கு இடமில்லை. மிச்ச நீர் ஊறல் குழிக்குப் போகட்டும். இத்தனையும் முதல் வரைபடத்தில் இல்லை. அவர் கேட்டபின் சேர்ந்தவை. வடிகட்டி கழுவும் பொறுப்பை அந்தப் பெரியவரே ஏற்றுக்கொண்டார். இன்றுவரை அதைத் தவறவிட்டதில்லை.

மின்கட்டண ரசீதுகளை எடுத்துவைத்து எந்த விளக்கு எவ்வளவு இழுக்கிறது என்று பார்த்துச் சொன்ன மின்பணியாளர்களுக்கும், பாடல் தாள்களைச் சேகரித்து மறுமுறைக்கு அடுக்கிவைக்கும் பீடச்சிறுவர்களுக்கும், எரிந்து முடிந்த மெழுகுவர்த்தித் துண்டுகளைத் தனியே எடுத்துவைக்கும், ஆலய வேலைகளைக் கவனிக்கும் கோவில்பிள்ளை ஐயாவுக்கும் நன்றி.

கல்லறைத் தோட்டத்தில் களைக்கொல்லி தெளிப்பதை நிறுத்த ஒப்புக்கொண்ட குடும்பங்களுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அப்பா அம்மாவின் கல்லறையைச் சுற்றிப் புல் உயரமாக நின்றால் பிள்ளைகள் கவனிப்பதில்லை என்று ஊர் பேசுமே என்ற வருத்தம் நியாயமானது. அதனால்தான் கல்லறைகளைச் சுற்றிக் கையால் களையெடுக்கவும், வேலியோரத்தை மட்டும் காட்டுச் செடிகளுக்கு விட்டுவைக்கவும் முடிவானது. அந்த ஓரத்தில் இப்போது வண்ணத்துப்பூச்சிகளைப் பார்க்கலாம்.

நான் மிகவும் கடன்பட்டிருப்பது நம் பங்கைச் சேராத பலருக்கும்தான். திருவிழாக்களின் மறுநாள் காலையில் நம் குப்பையை அள்ளியவர்கள் துப்புரவுப் பணியாளர்கள். ஈரக்குப்பையோடு காகிதம் கலந்தால் இரண்டும் வீணாகும், அதைப் பிரிக்க அவர்கள் வெறுங்கையை உள்ளே விட வேண்டியிருக்கும் என்பதைப் புத்தகத்தில் படித்து நாங்கள் அறியவில்லை. அவர்களே சொன்னார்கள். உடைந்த கண்ணாடியைத் தாளில் சுற்றித் தனியே வைக்கும்படி கேட்டுக்கொண்டவர்களும் அவர்கள்தான். பூமியின் கூக்குரலையும் ஏழைகளின் கூக்குரலையும் சேர்த்தே கேட்க வேண்டும் என்று திருத்தந்தை எழுதியதை நாங்கள் புரிந்துகொண்டது அந்த உரையாடலில்தான். அவர்களைத் தேடிப்போய்ப் பேசி, கையுறைக்கும் கைகழுவும் இடத்துக்கும் ஏற்பாடு செய்த, ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையினருக்கு நன்றி. குப்பையைப் பிரித்துப் போடுவது ஒரு சடங்காக நின்றுவிடாமல், அந்தக் கைகளைப் பற்றிய நினைவோடு நடக்க அவர்களே காரணம்.

மதில் சுவருக்கு அப்பால் வாழும் பிற சமயத்து அண்டை வீட்டாரும் பிற சபைச் சகோதரர்களும் எருக்குழிக்குச் சருகு கொண்டுவந்து கொடுத்தார்கள், நீர்நிலைத் தூய்மைப் பணியில் நம்மோடு சேற்றில் இறங்கினார்கள். அவர்களுக்கும் எங்கள் வணக்கம்.

இறுதி நன்றி, நோயினாலும் முதுமையினாலும் ஆலயத்துக்கு வர இயலாதவர்களுக்கு. நற்கருணை கொண்டுவரும் அருள்சகோதரிகளிடம், படைப்புக்கான மன்றாட்டுகளைத் தம் கையால் எழுதிக் கொடுத்தனுப்பினார்கள். வறட்சியில் வாடும் உழவர்களுக்காக, கடலில் இருப்பவர்களுக்காக, வெள்ளத்தில் வீடு இழந்தவர்களுக்காக, இன்னும் பிறக்காத குழந்தைகளுக்காக எழுதியிருந்தார்கள். சிலருடைய எழுத்து நடுங்கியிருந்தது, ஆனால் ஒரு வேண்டுதல்கூடத் தமக்காக இல்லை. அந்தத் தாள்கள் அனைத்தையும் சேர்த்துத் தைத்து, பீடத்தின் அருகே திருவுடைகள் வைக்கும் அறையான சக்கிறீஸ்தில் வைத்திருக்கிறோம். வரும் மாதத்திலிருந்து வெள்ளிக்கிழமைத் திருப்பலிகளில் வாரம் ஒன்றாக அவை வாசிக்கப்படும் என்று பங்குத்தந்தை உறுதியளித்திருக்கிறார். எழுதியவர்களின் வீடுகளுக்கு முன்கூட்டியே அந்த நாள் தெரிவிக்கப்படும்.

நன்றியுடன்,
பங்கின் சுற்றுச்சூழல் பணிக்குழு சார்பில்,
ஒருங்கிணைப்பாளர்