உள்நிரப்பு அட்டைகளின் விலை பற்றி நம் வாடிக்கையாளர்களுக்கு

அன்புள்ள அக்காமார், தங்கச்சிமார், டீச்சர்மார் எல்லாருக்கும் வணக்கம்.

அடுத்த மாதம் முதல் உள்நிரப்பு அட்டை ஒன்றுக்கு 40 ரூபாய் கூடுகிறது. ரேந்தை (லேஸ்) பின்னலில் நடுவில் விட்ட வெற்றிடத்தை நிரப்ப, குண்டூசி நிறுத்தும் இடங்களைத் துளைகளாகக் குத்திக் காட்டும் மாதிரி அட்டைதான் அது. ஓர ரேந்தை, பூ, இலை அட்டைகளுக்குப் பழைய விலைதான். அட்டையும் மேலே ஒட்டும் தாளும் விலை ஏறிவிட்டன. அதோடு, நமக்கு அட்டை குத்திக்கொடுத்த அக்கா, கண் முன்போல் ஒத்துழைக்காததால் வேலையை விட்டுவிட்டார். அவர் கைக்கு ஈடான ஆள் கிடைப்பது லேசில்லை.

விலையைப் பற்றி நீங்கள் குறைபட்டுக்கொண்டால் கேட்டுக்கொள்வோம். ஆனால், 'ஓட்டை போட்ட அட்டைக்கு இவ்வளவு காசா? ஒரு ஜெராக்ஸ் எடுத்தால் வேலை முடிந்தது' என்று வாட்ஸாப்பில் ஒரு பேச்சு சுற்றுகிறது. உங்களில் பலருக்கும் வந்திருக்கும். அதற்குப் பதில் சொல்லாமல் இருக்க மனசு கேட்கவில்லை.

ஓர ரேந்தையில் ஒரு துண்டை வரைந்துவிட்டால் அதையே திரும்பத் திரும்பக் குத்திக்கொண்டு போகலாம். உள்நிரப்பு அப்படி இல்லை. ஹானிட்டன், ப்ரூஜ் என்ற ரேந்தை வகைகளில் முதலில் பூவையும் இலையையும் பின்னி முடித்து, நடுவில் விட்ட வெற்றிடத்தை அப்புறம்தானே நிரப்புகிறோம்? அந்த வெற்றிடம் மாங்காய் வடிவில் இருக்கும், பிறை மாதிரி வளைந்திருக்கும். நிரப்புக்கான புள்ளிகளோ நேர்க்கோட்டுக் கட்டத்தில் வரவேண்டியவை. கட்டம் போட்ட தாளை 45 பாகை சாய்த்து அந்த வடிவத்தின் மேல் வைத்து, இலையின் நடு நரம்போடு ஒரு வரிசை ஒத்துப்போகும்வரை நகர்த்த வேண்டும். நடு ஒத்துவந்தால் ஓரம் ஒத்துவராது. புது ஜோடி பாபினின் (நூல் சுற்றிய சின்னக் கட்டை) நூலைக் கொக்கி ஊசியால் ஓரத்துத் துளையில்தான் இழுத்து மாட்ட முடியும். வரிசை வந்து முட்டுகிற இடத்தில் துளை இல்லாமல் அரைப்புள்ளி தள்ளிப்போனால், ஒரு பக்கம் நூல் நெருக்கியடிக்கும், மறுபக்கம் தொளதொளக்கும். அந்த இடங்களில் எந்தப் புள்ளியை விடுவது, எதைக் கொஞ்சம் ஒதுக்குவது என்று ஒவ்வொன்றாகத்தான் முடிவுசெய்கிறோம்.

வரைந்தபின் அதே நூலில் ஒரு முறை பின்னிப் பார்ப்போம். நடுவிலிருந்து நூல்கள் கால்போல் விரியும் சிலந்தி நிரப்பில் கால்கள் இருபக்கமும் ஒரே இறுக்கத்தில் வருகிறதா, நிரப்புக்குள் நெய்கிற சின்ன இலைகள் சதுரமாக நிற்கிறதா என்று பார்த்து, சரி என்றால்தான் நல்ல அட்டையில் குத்துவோம். ஊசி செங்குத்தாக இறங்க வேண்டும். சாய்ந்தால் மேலே சரியாக இருக்கிற துளை அடியில் விலகிப்போகும், குண்டூசியும் அந்தப் பக்கமே சாயும். குத்தி முடித்த அட்டையைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்து வரிசை வழியாகப் பார்த்தால், தவறின துளை உடனே தெரிந்துவிடும். ஒரு துளை விலகியிருந்தாலும் அந்த அட்டையை விற்பதில்லை.

ஜெராக்ஸ் எடுக்கக்கூடாது என்று நாம் ஒருபோதும் சொன்னதில்லை. தேய்ந்த அட்டைக்குப் பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் பெரிதாக்கிவிட்டு அதே நூலில் பின்னாதீர்கள். 2 மில்லிமீட்டர் இடைவெளியை 125 சதவீதம் ஆக்கினால் இரண்டரை மில்லிமீட்டர் ஆகும். நிரப்ப வேண்டிய பரப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் போய்விடும், நூலின் கனமோ கூடவில்லை. 'நிரப்பு வலை மாதிரி தொங்குகிறது' என்று நமக்கு வந்த புகார் அப்படிப் பெரிதாக்கிப் பின்னியதால் வந்ததுதான். அந்த அட்டையில் தவறே இல்லை. பெரிதாக்கித்தான் ஆகவேண்டும் என்றால் எங்களிடம் கேளுங்கள், எந்த நூல் ஒத்துவரும் என்று சொல்கிறோம். அதற்குக் காசு வாங்குவதில்லை.

1820களின் தொடக்கத்தில் மிஷனரியின் மனைவி மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் ரேந்தைப் பின்னலைத் தொடங்கினார். அவர் மகள் எலைசா, கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபின் அங்கும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார். பழைய அட்டையைப் புது அட்டைமேல் வைத்துக் குத்திக் குத்தியேதான் மாதிரிகள் கைமாறும். ஒருவர் விட்ட பிசகு அடுத்த அட்டையிலும் அப்படியே இறங்கிவிடும். அதனால்தான் உள்நிரப்பை மட்டும் நாம் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்குப் போட்டு வரைகிறோம். இந்த வேலையை அரைகுறையாகச் செய்து விலையைக் குறைக்க எங்களுக்கு மனமில்லை.

கடை சின்னதாக இருந்தபோதிலிருந்து வருகிறவர்கள், பிள்ளையின் முதல் ஆராதனை உடுப்புக்கு நம் அட்டையிலேயே பின்னியவர்கள், அந்தப் பேச்சு வந்ததும் எங்களுக்காகப் பதில் சொன்னவர்கள் உங்களில் பலர். அந்த அன்புக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. முன்பணம் கட்டிக் காத்திருப்பவர்களுக்கும் இந்தப் புது விலையே பொருந்தும், அட்டை கைக்கு வர மூன்று வாரம் வரை ஆகலாம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக அட்டைக்குச் சொல்லிவைக்க வருகிறவர்கள் செல்போன் படம் அனுப்பாமல், பின்னிய பூவையே கொண்டுவாருங்கள். வெளியூர்க்காரர்கள் தபாலில் அனுப்பலாம். எந்த நூலில் பின்னினீர்கள் என்று ஒரு துண்டு நூலையும் கூடவே வைத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ரேந்தைக் கடை