கப்பல் பயணத்தின் முதல் நாளில் நடந்த சேவைக் குறைபாடுகள்: புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு மேலாளர்,
சென்னை அலுவலகம்.

பொருள்: சிங்கப்பூர் – பினாங்கு – புக்கெட் கப்பல் பயணம், முதல் நாள் சேவைக் குறைபாடு, பணம் திருப்பிக் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

சென்ற மாதம் என் பெற்றோர், கணவர், ஐந்து வயது மகளுடன் உங்கள் கப்பலில் பயணம் செய்தேன். ரசீதும் முன்பதிவு விவரங்களும் இணைப்பில் உள்ளன. மொத்தப் பயணத்தையும் குறை சொல்ல வரவில்லை. பினாங்கும் புக்கெட்டும் நன்றாகவே இருந்தன. நான் எழுதுவது கப்பல் ஏறிய நாளைப் பற்றி. அன்று காலையிலிருந்து நள்ளிரவு வரை எதையாவது விற்க உங்கள் ஆட்கள் எங்களைத் தேடி வந்துகொண்டே இருந்தார்கள். கேட்டதற்குப் பதில் சொல்லத்தான் ஆள் கிடைக்கவில்லை.

முதலில் அப்பாவின் விஷயம். அவருக்கு வயது 72. தூக்கத்தில் மூச்சு அடைபடும் கோளாறு இருப்பதால், இரவில் முகமூடி வழியாகக் காற்றைச் செலுத்தும் சிபாப் (CPAP) இயந்திரம் மாட்டாமல் படுக்கக் கூடாது என்பது மருத்துவர் சொன்னது. இதை உங்கள் மருத்துவத் தேவைப் படிவத்தில் முன்பதிவின்போதே எழுதிக் கொடுத்தேன். இயந்திரத்தைக் கொண்டு வரலாம், கட்டில் பக்கம் பிளக் இல்லாவிட்டால் எக்ஸ்டென்ஷன் வயர் கப்பலிலேயே தருவோம் என்று உங்கள் அலுவலகம் மின்னஞ்சலில் உறுதி சொன்னது. அதையும் இணைத்திருக்கிறேன்.

மரீனா பே கப்பல் முனையத்தில் அந்தப் பையை நாங்களே எடுத்து வருகிறோம் என்று சொன்னோம், உள்ளே என்ன இருக்கிறது என்பதையும் சொன்னோம். சக்கரம் வைத்த பை எதையும் கையில் விட முடியாது, நான்கு மணிக்குள் அறைக்கு வந்துவிடும் என்று உங்கள் ஊழியர் சீட்டைக் கட்டி வாங்கிக்கொண்டார். மற்ற பெட்டிகள் ஐந்தரைக்குள் வந்தன. அது மட்டும் வரவில்லை. என் கணவர் வரவேற்பு மேசை வரிசையில் நின்றார். அங்கே சரக்குப் பிரிவைக் கேளுங்கள் என்றார்கள், சரக்குப் பிரிவில் வரவேற்பைக் கேளுங்கள் என்றார்கள். கடைசியில் ஒரு துப்புரவுப் பணியாளர்தான் பரிதாபப்பட்டு, பாதுகாப்புப் பிரிவில் பிடித்து வைத்த பைகள் ஓர் அறையில் இருக்கும், அங்கே போய்ப் பாருங்கள் என்றார். எக்ஸ்ரேயில் ஏதோ மின்சாதனம் தெரிந்ததால் நிறுத்தி வைத்தார்களாம்.

தீ விபத்துக்குப் பயந்து கப்பலில் கெட்டில், அயர்ன் பாக்ஸ் போன்றவற்றை விடுவதில்லை என்பது எனக்குத் தெரியும். அந்த விதியில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் பையில் அறை எண் எழுதிய சீட்டு தொங்குகிறது, அறையில் தொலைபேசி இருக்கிறது. ஒரு போன் போட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். அந்தத் தொலைபேசி அன்று மாலை அடிக்காமலும் இல்லை: ஒரு தடவை ஸ்பா சலுகைக்கு, இன்னொரு தடவை கட்டண உணவகத்தில் மேசை பிடிக்கிறீர்களா என்று கேட்க.

பை கைக்கு வந்தபோது இரவு 11.40. எக்ஸ்டென்ஷன் வயர் வரவே இல்லை. பிளக் இருந்தது எழுதும் மேசைக்கு அடியில். அப்பா மெத்தையைத் தரையில் இழுத்துப் போட்டு, மேசைக் காலுக்குப் பக்கத்தில் தலை வைத்துப் படுத்தார். பால்கனி அறைக்குப் பணம் கட்டிய பயணி அவர்.

அந்தப் பால்கனியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அப்பா 1980களில் சிங்கப்பூரில் கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் வேலை செய்தவர். அந்தக் கரையைக் கடலிலிருந்து ஒரு முறை பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை, இந்தப் பயணத்தைப் பிடித்ததே அதற்காகத்தான். மலாக்கா நீரிணையை நோக்கிக் கப்பல் மேற்கே போகும்போது ஜூரோங் தீவும், 1855இல் கட்டிய ராஃபிள்ஸ் கலங்கரை விளக்கமும் வலப்பக்கம்தான் வரும். அதனால் வலப்பக்க அறைதான் வேண்டும் என்று கேட்டு வாங்கினோம். எங்கள் இருவருக்கும் குழந்தைக்கும் ஜன்னல் இல்லாத உள் அறை, பெற்றோருக்கு மட்டும் 37,000 ரூபாய் கூடுதலாகக் கட்டி பால்கனி. உறுதிச் சீட்டில் ‘தடையற்ற கடல் காட்சி’ என்று அச்சாகியிருக்கிறது.

திரையை விலக்கினால் எதிரே உயிர்காப்புப் படகின் ஆரஞ்சு நிறக் கூரை. அதற்கு மேல் ஒரு சாண் வானம். படம் இணைப்பில் இருக்கிறது, நீங்களே பார்த்து எவ்வளவு கடல் தெரிகிறது என்று சொல்லுங்கள். அறையை மாற்றித் தரச் சொன்னதற்குக் கப்பல் நிரம்பிவிட்டது என்றார்கள். அடுத்த அரை மணி நேரத்தில், இன்னும் கொஞ்சம் பணம் கட்டினால் மேல் தளத்தில் நல்ல அறை காலியாக இருக்கிறது என்று உங்கள் செயலியிலேயே விளம்பரம் வந்தது! அதன் ஸ்கிரீன்ஷாட்டும் இருக்கிறது. அப்பா திறந்த மேல் தளத்துக்குப் போய்க் கைத்தடியோடு நின்று பார்த்துவிட்டு வந்தார். உட்கார நாற்காலி இல்லை.

அடுத்து நான் எழுதுவதற்குப் பணம் வேண்டாம், பதில் வேண்டும். 2012 ஜனவரியில் இத்தாலியின் ஜிலியோ தீவருகே கோஸ்டா கன்கார்டியா என்ற பயணிகள் கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்று மாலைதான் ஏறிய பயணிகள் பலருக்கு அவசரகால ஒத்திகை நடந்திருக்கவில்லை. அப்புறம்தான் சர்வதேச விதி மாறியது: 2015இலிருந்து, கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ புதிய பயணிகளைக் கூட்டி ஒத்திகை நடத்தியாக வேண்டும். உங்கள் கப்பலில் நடந்தது என்ன? டிவியில் ஒரு பாதுகாப்பு விளக்கப் படம் ஓடியது. ஆபத்து நேரத்தில் கூட வேண்டிய இடத்துக்குப் போனோம், அட்டையை ஸ்கேன் செய்தார்கள், கையில் டிரிங்ஸ் பேக்கேஜுக்கான கூப்பனைக் கொடுத்தார்கள். அவ்வளவுதான். அலைபேசியைப் பார்த்துக்கொண்டே பலரும் நடந்து போய் அட்டையை நீட்டிவிட்டுத் திரும்பினார்கள்.

நடக்க உதவி தேவைப்படுபவர் என்று அப்பாவைப் பற்றிப் படிவத்தில் எழுதியிருந்தோம். ஆபத்து வந்தால் லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது. அப்படியானால் இவரை யார் வந்து இறக்குவார்கள் என்று கேட்டேன். ஸ்கேன் செய்த பெண் சிரித்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். எங்கள் அறையில் குழந்தைக்கான உயிர்காப்புச் சட்டை இல்லை. கப்பலில் உள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் ஒன்று இருக்க வேண்டும் என்பது விதி. கேட்டோம், கொண்டு வருகிறோம் என்றார்கள். வந்தது மறுநாள் மாலை. முதல் இரவு முழுக்க, உலகிலேயே நெரிசலான கடல் வழிகளில் ஒன்றில், அது இல்லாமல்தான் போனோம்.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். அம்மா சுத்த சைவம் என்பது முன்பே தெரிவிக்கப்பட்டது. மதிய பஃபேயில் பச்சை இலைப் படம் ஒட்டிய கீரைப் பிரட்டலில் பெலாச்சான், அதாவது இறால் விழுது போட்டிருந்தார்கள். அந்தப் பக்கத்துச் சமையலில் அது சகஜம்தான், தப்பில்லை. பச்சை இலையை ஒட்டியதுதான் தப்பு. இரண்டு வாய் சாப்பிட்ட பிறகுதான் தெரிந்தது. அன்று அம்மா அதற்கு மேல் தயிரும் வாழைப்பழமும் தவிர எதையும் தொடவில்லை.

இதற்கெல்லாம் சேவைக் கட்டணமாக அந்த ஒரு நாளுக்கு ஐந்து பேருக்கும், குழந்தை உட்பட, கணக்கில் எழுதியிருக்கிறீர்கள்.

பால்கனி அறைக்காகக் கட்டிய கூடுதல் 37,000 ரூபாயையும் முதல் நாள் சேவைக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும். ஒத்திகை, குழந்தைக்கான சட்டை, நடக்க முடியாதவர்களுக்கான ஏற்பாடு ஆகிய மூன்றையும் பற்றிக் கப்பலின் பாதுகாப்பு அதிகாரியிடமிருந்து எழுத்துப்பூர்வமான விளக்கம் வேண்டும். ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்று இயந்திரம் அனுப்பும் பதில் ஏற்கெனவே வந்துவிட்டது. அடுத்த பயணத்துக்குப் பத்து சதவீதத் தள்ளுபடிக் கூப்பனும் அதோடு வந்தது, அது வேண்டாம்.

இக்கடிதம் கிடைத்த 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் வசிக்கும் கோயம்புத்தூரிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். பதிலைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ அனுப்பலாம்.

இப்படிக்கு,
(கையொப்பம்)
கோயம்புத்தூர்

இணைப்பு: ரசீது, உறுதிச் சீட்டு, மருத்துவத் தேவை குறித்த மின்னஞ்சல், பால்கனிப் படம், செயலி ஸ்கிரீன்ஷாட், கப்பல் கணக்குப் பட்டியல்.